சாளையும் பளுவும்: குறைந்த கலோரியில் தசை வளருமா?

1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ அதிகாரி எலிகளுக்கு இந்தியச் சாப்பாடு போட்டு வளர்த்தார். ஒரே வழியில் பிறந்த, ஒரே வயதுள்ள எலிகளைக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் சீக்கியர் உணவு, இன்னொன்றுக்குப் பத்தானியர் உணவு, மற்றொன்றுக்கு மராட்டியர் உணவு என்று, அந்தந்தப் பகுதி மக்கள் அன்றாடம் உண்பதையே கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்றிருந்த சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். வரிசையில் கடைசியாக நின்றது மதராசி உணவு. தீட்டிய அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், பேருக்குப் பால். அந்த எலிகளின் சராசரி 155 கிராம்.

சில குடிகளைப் போர்க்குடிகள் என்று உயர்த்தியும் மற்றவர்களை வலுவற்றவர்கள் என்று தாழ்த்தியும் பேசிய காலம் அது. அந்தப் பேச்சுக்கான மறுப்பு மெக்காரிசனின் கூண்டுக்குள்ளேயே இருந்தது. எலிகள் எல்லாம் ஒரே இரத்தம். மாறியது தீனி மட்டும். உடம்பின் கட்டு பிறப்பால் வருவதைவிடத் தட்டால் வருகிறது என்பதற்குத் தமிழ் மண்ணில் நடந்த சோதனைகளில் இதைவிடத் தெளிவானதை நான் அறியேன். 1918-இல் பெரிபெரி நோயை ஆராயக் குன்னூரில் அவர் தொடங்கிய சிறு ஆய்வுப்பிரிவுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்காரிசனின் எலிகளில் திருவிதாங்கூர்த் தட்டு தின்றவையும் உண்டு. மரச்சீனிக்கிழங்கு மிகுந்த அந்த உணவில் வளர்ந்தவற்றுக்கு வயிற்றுப்புண் அதிகமாகக் கண்டது. அதே காலத்தில், அன்று தென் திருவிதாங்கூராக இருந்த நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனையில் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு அறுவை மேல் அறுவையாகச் செய்துகொண்டிருந்தார். 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் மிக உயரம் ஏறியவர்களில் ஒருவர். இலண்டனில் கிடைத்திருக்கக்கூடிய வாழ்க்கையை விட்டு நெய்யூருக்கு வந்து தங்கியவர். இந்தப் புண் இந்தப் பக்கத்தில் ஏன் இவ்வளவு என்ற கேள்வி அவரையும் உணவின் பக்கம் திருப்பியது. வயிற்றுப்புண்ணில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது 1980-களில்தான் தெரியவந்தது. ஆகவே கிழங்கின் மேல் மட்டும் பழி போடுவது இன்று செல்லாது. ஆனாலும் இரண்டு மருத்துவர்களும் பார்த்த தட்டு உண்மையானது. மாவுச்சத்து நிறைய, புரதம் குறைவு.

அந்தத் தட்டு எப்படி வந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிச் சாகுபடியை முனைந்து பரப்பினார். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் அடுப்பில் கிழங்கே நிலைத்துவிட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் வயலும் சோறும். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் மேட்டு நிலமும் கிழங்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தட்டு மாறவில்லை.

இன்று அதே மாவட்டத்தின் ஜிம்களில் சொல்லப்படும் அறிவுரை, சோற்றையும் கிழங்கையும் அடியோடு நிறுத்து, புரதத்தைக் கூட்டு, கலோரியைக் குறை, கீட்டோவில் இரு, தொந்தி கரையும், தசை ஏறும் என்பது. நான்கு கட்டளையும் ஒரே மூச்சில் வருகின்றன. இவற்றில் எது தசையை வளர்க்கிறது, எது சும்மா கூட வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கீட்டோ உணவு உடற்கட்டுக்காகப் பிறந்ததில்லை. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக வகுத்தது அது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது. பட்டினியின் விளைவைச் சாப்பாட்டோடே கொண்டுவர முடியுமா என்பது அவர் கேள்வி. மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் விலக்கினால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கும். மூளை அவற்றை எரிபொருளாக ஏற்கும். அந்த மூல உணவில் கொழுப்புதான் பெரும்பங்கு, புரதம் கணக்காகவே கொடுக்கப்பட்டது. புரதம் கூடினால் அதில் ஒரு பகுதி குளுக்கோஸாக மாறிக் கீட்டோனைக் குறைத்துவிடும் என்பதே காரணம். தமிழில் இந்த வழி பரவியது 2010-களில், நியாண்டர் செல்வன் எழுதிய பேலியோ கட்டுரைகளாலும் ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்ற முகநூல் குழுவாலும். எத்தனையோ பேருக்குச் சர்க்கரையையும் எடையையும் பற்றி முதன்முதலாக யோசிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குழு. அங்கும் முதன்மைக் குறி எடையும் நீரிழிவும்தான். தசை பின்னால் சேர்ந்துகொண்டது.

புரதம் கூடிய, கலோரி குறைந்த, மாவுச்சத்து இல்லாத உணவுக்கு உண்மையான மூதாதை வேறொன்று. 1970-களில் பாஸ்டனில் ஜார்ஜ் பிளாக்பர்னும் புரூஸ் பிஸ்ட்ரியனும் பருமனானவர்களுக்கு மெலிந்த இறைச்சி, மீன், கோழி ஆகியவற்றை மட்டும் கொடுத்து, கூடவே உப்புச்சத்துகளையும் வைட்டமின்களையும் சேர்த்து, மருத்துவக் கண்காணிப்பில் எடையைக் குறைத்தார்கள். உடம்பின் புரதத்தைக் காத்துக்கொண்டு பட்டினி இருப்பது என்பதுதான் அதன் உள்ளடக்கம். இதைப் பார்த்துக் கடைக்காரர்கள் திரவப் புரதம் விற்றார்கள். தோலையும் தசைநாரையும் காய்ச்சி எடுத்த கொலாஜன் அது. டிரிப்டோபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலமே இல்லாதது. பொட்டாசியம் போன்றவையும் போதாது. 1977-78-இல் அதை மட்டும் குடித்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் திடீரென இதயத் துடிப்பு தடுமாறி. கொலாஜன் பொடி இன்றும் புரதம் என்ற பெயரில் விற்கிறது. தோலுக்கும் மூட்டுக்கும் அது என்ன செய்கிறதோ, தசைக்கான புரதக் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது.

மாவுச்சத்தும் கலோரியும் குறையும்போது உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். சோறு நின்ற முதல் நாட்களில் கீட்டோன் போதிய அளவு ஏறியிருக்காது. கல்லீரல் அமினோ அமிலங்களை எடுத்துக் குளுக்கோஸ் செய்யும். தட்டில் புரதம் இல்லையென்றால் அந்த அமினோ அமிலங்கள் வருகிற இடம் தசை. இரண்டு மூன்று வாரத்தில் கீட்டோன் மூளையின் தேவையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும்போது இந்தச் சுரண்டல் குறைகிறது. 2016-இல் கெவின் ஹால் குழு 17 ஆண்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்துக் கீட்டோவுக்கு மாற்றியபோது, தொடக்க நாட்களில் உடம்புப் புரதம் கரைவது கூடியது. அந்த உணவில் புரதம் 15 விழுக்காடுதான். ஆகவே கீட்டோவைத் தொடங்குகிற முதல் இரண்டு வாரம்தான் புரதத்தைக் கூட்டவேண்டிய காலம்; நம்மூரில் பலரும் அந்த இரண்டு வாரத்தில்தான் முட்டையையும் மீனையும்கூடக் குறைத்துக்கொண்டு வெண்ணெய் போட்ட காப்பியில் நாளை ஓட்டுகிறார்கள்.

அதே இரண்டு வாரத்தில் தராசு பொய் சொல்லும். தசையும் கல்லீரலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. கிளைக்கோஜன் தீர்ந்தால் அந்த நீரும் போகும். ஒன்றரை, இரண்டு கிலோ சட்டென்று இறங்கும். கொழுப்பல்லாத எடையை அளக்கும் கருவிகள் இந்த நீரையும் தசையின் கணக்கிலேயே எழுதுகின்றன. அதனால் கீட்டோவின் தொடக்கத்தில் தசை குறைந்ததாகவும், மீண்டும் சோறு தின்றவுடன் தசை கூடியதாகவும் அறிக்கை வரும். இரண்டையும் நம்பத் தேவையில்லை.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாங்லேண்டும் உடன்பணியாளர்களும் 2016-இல் வெளியிட்டதை நான் முதலில் வைப்பேன். உடல் எடை கூடிய 40 இளைஞர்கள். தேவையைவிட 40 விழுக்காடு குறைந்த கலோரி, வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி, நான்கு வாரம். பாதிப் பேருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதம், மீதிப் பேருக்கு 2.4 கிராம். குறைந்த புரதம் தின்றவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை ஏறக்குறைய அப்படியே நின்றது, 3.5 கிலோ கொழுப்பு கரைந்தது. அதிகப் புரதக் குழுவுக்கு 4.8 கிலோ கொழுப்பு கரைந்ததோடு கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடியது. கலோரி குறைவாக இருக்கும்போது தசை வளரவே வளராது என்ற பழைய பேச்சை இந்த ஒரு ஆய்வு அசைத்துவிட்டது. அந்த இளைஞர்கள் கீட்டோவில் இல்லை. அவர்கள் உணவில் மாவுச்சத்து கணிசமாகவே இருந்தது.

கீட்டோவிலேயே செய்த ஆய்வு என்று தேடினால் இத்தாலியின் பாவோலி குழு 2012-இல் வெளியிட்டது நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. 8 தேர்ந்த ஜிம்னாஸ்டிக் வீரர்கள், 30 நாள், மாவுச்சத்து மிகக் குறைவு, புரதம் மிக அதிகம், கலோரி அவர்கள் வழக்கமாக உண்பதைவிடச் சற்றுக் குறைவு. உடம்பின் கொழுப்பு 7.6 விழுக்காட்டிலிருந்து 5-க்கு இறங்கியது, வலிமை குறையவில்லை, தசை நிலைத்து நின்றது, ஆனால் குறிப்பிடும்படி வளரவில்லை. 2018-இல் ஸ்பெயினில் வர்காஸ் குழு எடைப்பயிற்சியில் பழகிய 24 பேரை எட்டு வாரம் பார்த்தது. கலோரியைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டியே கொடுத்தார்கள், புரதமும் தாராளம். கீட்டோ குழு கொழுப்பை இழந்தது, தசையைப் பெறவில்லை. மாவுச்சத்து தின்ற குழு 1.3 கிலோ பெற்றது. எட்டு பேர், இருபத்துநான்கு பேர் என்பவை சிறிய எண்கள். ஆனால் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கின்றன.

இவற்றிலிருந்து நான் எடுப்பது இது: தசையை வளர்ப்பவை புரதமும் பளுவும். கீட்டோ கொழுப்பைக் கரைக்க உதவலாம், பசியை அடக்கலாம், சர்க்கரையை இறக்கலாம். தசைக்கு அதனால் தனி நன்மை ஒன்றும் இல்லை, நெடுநாள் பழகியவருக்குச் சிறு தடையாகக்கூட இருக்கலாம். உடம்பில் கொழுப்பு கூடியவர், புதிதாகப் பளு தூக்கத் தொடங்கியவர், பயிற்சியை விட்டு ஓரிரு ஆண்டு கழித்துத் திரும்பியவர் ஆகிய மூவருக்கும் குறைந்த கலோரியிலும் தசை ஏறும். ஏற்கெனவே வற்றிய உடம்போடு ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவருக்கு இந்த வழியில் இருக்கிற தசையைக் காப்பதே பெரிய காரியம். 2022-இல் மர்ஃபியும் கோலரும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், நாளுக்கு 500 கலோரி அளவு பற்றாக்குறை இருந்தாலே சராசரியாகத் தசை வளர்ச்சி நின்றுவிடுகிறது, வலிமை மட்டும் தொடர்ந்து ஏறுகிறது என்று தெரிந்தது. எவ்வளவு புரதம் என்ற கேள்விக்கு 2018-இல் மார்ட்டன் குழு 49 ஆய்வுகளையும் 1863 பேரையும் சேர்த்துப் பார்த்துச் சொன்ன எண், கிலோவுக்கு 1.6 கிராம். அதற்கு மேல் போனால் சராசரியாகக் கூடுதல் பயன் தெரியவில்லை. பற்றாக்குறையில் இருப்பவர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழங்குத் தட்டு இங்கேதான் என்னை வியக்க வைக்கிறது. வேகவைத்த மரச்சீனிக்கிழங்கு 300 கிராமில் மாவுச்சத்து நூறு கிராமைத் தாண்டும், புரதம் நான்கு கிராம் இருந்தால் அதிகம். அத்தோடு அதில் லினமரின் என்ற நஞ்சுப்பொருள் உண்டு; உடம்புக்குள் அது சயனைடாக மாறும். வீட்டில் கிழங்கைத் துண்டு போட்டுக் கொதிக்கவிட்டு முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுவது அதனால்தான். வடித்த பிறகு மிஞ்சும் சொற்பத்தையும் உடம்பு செயலிழக்கச் செய்ய வேண்டும். அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை. அவை மீனில் நிறைய இருக்கின்றன. கிழங்கும் சாளைக்கறியும் என்ற சேர்க்கையை ருசிக்காகவே உண்டுவந்தார்கள், ஆனால் அந்தத் தட்டின் பாதுகாப்பும் கட்டும் மீனில்தான் இருந்தன. மீன் வாங்க முடியாத நாளில் வெறும் கிழங்கும் மிளகும் உப்பும் தின்ற வீட்டைத்தான் சோமர்வெல்லின் அறுவைக்கூடம் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆகவே இந்த மாவட்டத்தில் குறைந்த கலோரியில் உடம்பு ஏற்ற நினைப்பவர் பிற ஊர்க்காரரைவிட நல்ல இடத்தில் பிறந்திருக்கிறார். சாளை, அயிலை, நெத்திலி, சூரை எல்லாம் நூறு கிராமுக்கு 18 முதல் 24 கிராம் புரதம் உள்ளவை. இவற்றில் சூரை ஏறக்குறைய கொழுப்பே இல்லாதது. சாளையில் கொழுப்பு உண்டு, அது இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 நிறைந்த கொழுப்பு. விலையில் நெய்மீனுக்கும் சாளைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு; புரதத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்.

80 கிலோ எடையுள்ள, தொந்தி விழுந்த ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். நாள் உணவு 1700 கலோரி. புரதம் கிலோவுக்கு 1.6 என்றால் ஏறக்குறைய 130 கிராம், அதாவது 520 கலோரி. மாவுச்சத்து 30 கிராம், 120 கலோரி. மீதி 1060 கலோரி கொழுப்பிலிருந்து வர வேண்டும். அது 118 கிராம். முட்டை நான்கு, வெட்டிக் கழுவிய சாளை 300 கிராம், கோழி இறைச்சி 150 கிராம், நிலக்கடலை 40 கிராம், கீரையும் வெண்டையும் வழுதலங்காயும் சேர்ந்தால் புரதம் 130-ஐத் தொட்டுவிடும். வெட்டிக் கழுவியது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தலையும் குடலும் செதிலும் போனால் வாங்கிய எடையில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோதான் மிஞ்சும். 300 கிராம் தட்டுக்கு வர அரைக் கிலோ வாங்க வேண்டும். சந்தையில் நிறுத்த எடையை வைத்துப் புரதம் எண்ணுகிறவர் தன்னையறியாமல் 30 கிராம் வரை குறைவாகத் தின்றுகொண்டிருப்பார்.

இந்தக் கணக்கில் முட்டையும் சாளையும் கோழியும் கடலையும் சேர்ந்தே 75, 80 கிராம் கொழுப்பைக் கொண்டுவந்துவிடும். தேங்காய் எண்ணெய்க்கு மிச்சமிருக்கும் இடம் இரண்டு மேசைக்கரண்டி, அரைத்த தேங்காய்க்கு 40 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. கால் மூடித் தேங்காய் அரைத்த மீன்கறியில் அதைவிடக் கூடுதல். இந்த மாவட்டத்துச் சமையலில் அவியலும் தீயலும் துவரனும் மீன்கறியும் தேங்காயில்லாமல் நடக்காது. கீட்டோவில் கொழுப்பு அளவில்லை என்று கேள்விப்பட்டவர் சாளையைத் தேங்காய் எண்ணெயில் முழுக்கப் பொரித்து, மேலே தேங்காய்ப்பால் குடித்து, மூன்று மாதம் ஆகியும் எடை இறங்கவில்லையே என்று கேட்பதன் காரணம் இதுதான். கீட்டோன் ஏறியிருக்கும், கலோரி இறங்கியிருக்காது. தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டுகிறது என்பதும் உண்மை. 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அந்தக் கெட்ட கொலஸ்டிரால் (எல்டிஎல்) டெசிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்குக் கூடுவதைக் காட்டியது. தேங்காயை வெறுக்க அது காரணமாகாது. கீட்டோவுக்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் இரத்தக் கொழுப்பை அளந்து பார்க்க அது காரணம். மீனை மிளகாயும் குடம்புளியும் மட்டும் சேர்த்துச் சட்டியில் வற்றவைத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். விளவங்கோடு பக்கத்து வீடுகளில் இப்படி வைப்பது புதிய செய்தியும் இல்லை.

மீனுக்கும் பருவம் உண்டு. விசைப்படகுத் தடைக்காலம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் அதற்குள் வரும். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சலும் முட்டமும் தேங்காப்பட்டணமும் அதற்குள். இரண்டு தடையும் தொடும் மாவட்டம் தமிழ்நாட்டில் இது ஒன்றே. அந்த மாதங்களில் வள்ளங்களும் கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையும் கொண்டுவருவதுதான் சந்தைக்கு வரும், விலை ஏறும். உணவுத்திட்டத்தை மீனை நம்பிப் போட்டவர் தடைக்காலத்தில் முட்டைக்கும் கோழிக்கும் மாற வேண்டியிருக்கும். நெத்திலிக் கருவாட்டில் நீர் வற்றிப் புரதம் செறிந்திருக்கிறது, ஆனால் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர் ஊறவைத்துக் கழுவாமல் எடுக்கக்கூடாது. சைவ வீடுகளில் இந்தத் திட்டம் கடினம். பருப்பிலும் பயறிலும் புரதத்தோடு மாவுச்சத்தும் வரும்; பனீரும் சோயாவும் தயிரும் மட்டுமே மிஞ்சும். அவர்கள் கீட்டோவைப் பிடிவாதமாகப் பற்றாமல், கலோரியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி நடந்தால் தசைக்கு ஒரு குறையும் வராது.

கடையில் வாங்கும் புரதப் பொடி பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024-இல் கொச்சி பகுதி மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸ் குழு இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தது. ஏறக்குறைய 70 விழுக்காடு பொடிகளில் உறையில் எழுதிய புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை; 14 விழுக்காட்டில் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் இருந்தது. அதே ஆண்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொன்னது. கடற்கரையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு மாதச் சம்பளத்தில் கணிசமான தொகையைப் பொடிக்குக் கொடுக்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. அந்தப் பணத்துக்கு வீட்டார் எல்லோரும் சேர்ந்து மீன் தின்னலாம்.

வீட்டார் எல்லோரும் என்று சொன்னது யோசித்துத்தான். தசை இளைஞர்களின் அழகுப் பொருளாக மட்டும் பேசப்படுகிறது. நம் மக்களுக்கு அது உயிர்க்காப்பு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உயர-எடைக் குறியீடு ஒன்றே, 22.3. யுட்கினுக்கு உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு என்ற இந்திய உடம்பை அந்த ஒரு அளவீடு காட்டிவிட்டது. சாப்பிட்ட குளுக்கோஸில் பெரும்பகுதி போய்ச் சேருமிடம் தசைதான். தசை குறைந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு, பக்கத்துக் கேரளத்தில் 25.5. இரண்டு மாநிலத்தின் உணவுப் பழக்கமும் கலக்கும் எல்லையில் நம் மாவட்டம் இருக்கிறது. அதே ஆய்வின் 2025 வெளியீடு, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் 12 விழுக்காடு புரதத்திலிருந்தும் வருவதாகச் சொல்கிறது. மெக்காரிசன் தன் எலிகளுக்குப் போட்ட மதராசித் தட்டு வெகுதூரம் போய்விடவில்லை.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் இந்த உணவைத் தானாகத் தொடங்கக்கூடாது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து வேறு விதம்: சர்க்கரை அளவு ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், வாந்தியும் மூச்சுத்திணறலும் வந்து, குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உயிருக்கு ஆபத்தாகலாம். சிறுநீரகம் பழுதானவர் புரதத்தைக் கூட்டுவது மருத்துவர் சொல்லித்தான். மற்றவர்களுக்கும் கீட்டோவின் முதல் வாரத்தில் சிறுநீரோடு உப்பு நிறையப் போகும். சித்திரை வெயிலில் வியர்வையும் சேரும். தலைவலியும் காலில் பிடிப்பும் வந்தால் பலமுறை தேவைப்படுவது உப்புப் போட்ட மோரோ தெளிவான மீன் சூப்போ மட்டும்தான்.

பளுவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரம் இரண்டு முறை வேலை. இன்னும் இரண்டு மூன்று முறைதான் தூக்க முடியும் என்ற எல்லைவரை போவது. வாரங்கள் போகப் போக எடையையோ எண்ணிக்கையையோ கூட்டுவது. கரமடி இழுக்கும் கடற்கரையில் ஒரு முறை நின்று பார்த்தால் இது புரியும். கயிற்றை இடுப்பில் கட்டிப் பின்னோக்கி மணலில் குதிகாலை ஊன்றி ஊன்றி நகரும் ஆட்களின் தொடையும் முதுகும் எந்தப் பொடியாலும் வந்தவையல்ல. அவர்கள் சோறும் தின்கிறார்கள், கிழங்கும் தின்கிறார்கள், மீனை நிறைய தின்கிறார்கள்.

திட்டம் பலிக்கிறதா என்று பார்க்க மூன்று அளவு போதும்: நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்று, வாரச் சராசரி எடை, தூக்கும் பளு. இடுப்பு இறங்கிப் பளு ஏறினால் தொந்தி கரைகிறது, தசை நிற்கிறது அல்லது வளர்கிறது. எடையும் பளுவும் சேர்ந்தே இறங்கினால் பற்றாக்குறை அளவு மீறிவிட்டது; நாளுக்கு 200 கலோரி கூட்ட வேண்டும். அந்த 200-ஐ எண்ணெயாகக் கூட்டுவதைவிடப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கிண்ணம் சோறாகவோ கையளவு கிழங்காகவோ கூட்டிக்கொள்ளலாம். கீட்டோசிஸ் கலைந்துபோகும். தசைக்கு அதனால் நட்டம் எதுவும் இல்லை, கூடவே சாளை தட்டில் குறையாதவரை.